மேல்மாடியும் சந்தைவெளியும்: கொழும்புப் பழைய நகர மண்டபம் பற்றிய ஒரு நோக்கு

கொழும்பு புறக்கோட்டையிலுள்ள பழைய நகர மண்டபம் இன்று ஒரு நூதனசாலை. கீழ்த்தளத்தில் மாநகர சபை பாவித்துக் கழித்த இயந்திரங்களும் வாகனங்களும் வைக்கப்பட்டுள்ளன. மரப்படிகளில் ஏறி மேலே சென்றால் சபை கூடிய மண்டபம். அங்கே மேசையைச் சுற்றிப் பத்துக்கு மேற்பட்ட ஆளளவு உருவங்கள் அமர்ந்திருக்கின்றன. 1906 ஆம் ஆண்டில் கூடிய சபையின் மீளுருவாக்கம் அது. காண்போர் வியப்பதும், படம் பிடிப்பதும், பிறருக்குச் சொல்வதும் இவ்வுருவங்களைப் பற்றியே. நற்பிட்டிமுனையிலும் மருதமுனையிலும் கல்முனையிலும் இருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கும் எம்மவர் பலர். சாரமும் சேலையும் விற்கவோ, கடைக்குச் சரக்கெடுக்கவோ வருபவர்கள். அவர்கள் இம்மண்டபத்தைக் கடந்து செல்வதன்றி அதனுள்ளே செல்வது அரிது. இதனை அறியாமை என்று கொள்வது எளிது. அம்மண்டபம் அவர்களை நோக்கிப் பேசுகின்றதா என்று கேட்பதே பொருத்தமானது என நாம் கருதுகின்றோம்.

ஓர் இலக்கியப் படைப்பை அணுகும்போது, அதில் யார் பேசுகிறார், யார் பேச்சற்று நிற்கிறார், எக்காலப் பகுதி தெரிந்தெடுக்கப்பட்டது என்னும் வினாக்களை நாம் எழுப்புகிறோம். வரலாற்றைக் காட்சிப்படுத்தும் கட்டடமும் இவ்வினாக்களிலிருந்து தப்ப முடியாது. அதுவும் ஒரு கதை கூறுகிறது. கதை கூறுவோர் எவரும் சிலவற்றைச் சொல்லிச் சிலவற்றை விடுகின்றனர்.

தெரிந்தெடுக்கப்பட்ட ஆண்டையே முதலில் நோக்குவோம். 1906 ஆம் ஆண்டு கொழும்பின் வரலாற்றில் வேறொரு காரணத்தாலும் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலேயே கொழும்பு நகரத்து மாட்டுவண்டிக்காரர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். வண்டியில் ஏறியமர்ந்து மாட்டைச் செலுத்தலாகாது, பக்கத்தே நடந்துதான் செல்ல வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முற்பட்டமையே அதற்குக் காரணம். துறைமுகத்துக்கும் பண்டகசாலைகளுக்குமிடையே சரக்கை ஏற்றியிறக்கிய அம்மனிதர், நாள் முழுவதும் புழுதியில் நடக்க மறுத்தனர். நகரத்து வாணிபம் தடைப்பட்டது. குமாரி ஜயவர்த்தன 1972 இல் வெளியிட்ட இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்று நூலில், 1893 ஆம் ஆண்டின் அச்சுத்தொழிலாளர் வேலைநிறுத்தத்துடன் தொடங்கும் வரிசையில் இப்போராட்டத்துக்கும் உரிய இடம் வழங்கப்பட்டுள்ளது. ஆயின் மேல்மாடியில் 1906 என்பது கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த கனவான்கள் அமைதியாக ஆலோசிக்கும் ஆண்டு. ஒரே ஆண்டு, ஒரே நகரம். மேசையருகே இருந்தவர் உருவம் பெற்றனர். வண்டியருகே நடந்தவருக்கு ஒரு பெயர்ப்பலகைதானும் இல்லை.

இம்மண்டபம் எழுந்த சூழலைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1865 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகளை ஏற்படுத்தியது. பிரித்தானியர் சுயாட்சி கற்பிக்க விரும்பியமையாலேயே இச்சபைகள் தோன்றின எனப் பள்ளிக்கூடப் பாடநூல்கள் கூறுவதுண்டு. கோப்பிப் பெருந்தோட்டங்களின் விளைவு வண்டிகளிலும், 1867 முதல் கண்டிப் புகையிரதப் பாதையிலும் கொழும்பை வந்தடைந்த காலம் அது. வீதி வேண்டும், விளக்கு வேண்டும், வடிகால் வேண்டும், கொள்ளை நோயைத் தடுத்தல் வேண்டும். இவற்றுக்கான செலவை அரச திறைசேரியிலிருந்து அகற்றி நகரத்தாரிடமே அறவிடும் பொறியே மாநகர சபை. இன்றும் எமது மக்கள் ‘சோலை வரி’ எனச் சொல்லும் ஆதன வரியின் கதை இங்கேதான் தொடங்குகிறது. மண்டபம் 1873 இல் எழுந்தது. கோப்பிச் செடியின் இலைநோய் இலங்கையில் இனங்காணப்பட்டு அப்போது நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. கட்டடம் நிலைத்தது, அதற்குக் காரணமான பயிர் அழிந்தது.

கட்டடத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஜோர்ஜ் ஸ்மிதர். 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையும், வேல்ஸ் இளவரசர் 1875 இல் இலங்கை வந்ததன் நினைவாக எழுந்த யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரமும் அவரது ஆக்கங்களே. அநுராதபுர இடிபாடுகளை அளந்து வரைந்து பெருநூலொன்றை வெளியிட்டவரும் அவர். உள்நாட்டுக் கட்டடக் கலையை ஓர் ஆய்வுப்பொருளாக நுணுகிக் கற்ற அதே கையால், வெப்பமும் உப்புக்காற்றும் மிக்க சந்தையின் நடுவே ஐரோப்பியக் கோதிக் பாணியில் கூர்வளைவுகளை எழுப்ப முடிந்தது. சுதேசியின் கலை இறந்தகாலத்துக்குரியது, ஆட்சியின் கலை நிகழ்காலத்துக்குரியது என்னும் குடியேற்றவாதப் பாகுபாடு இதிலும் தெளிவாகப் புலப்படுகிறது. சில வீதிகள் தள்ளி, இரண்டாம் குறுக்குத் தெருவில், இந்திய முஸ்லிம் வணிகர் 1908, 1909 ஆண்டுகளில் கட்டிய ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசல் நிற்கிறது. மக்கள் வழக்கில் சம்மாங்கோட்டுப் பள்ளி. சிவப்பும் வெள்ளையுமான அதன் வரிகளையும் மாதுளம்பழம் போன்ற கும்மட்டங்களையும் அமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை முறையான கட்டடக்கலைப் பயிற்சி பெற்றவரல்லர். கட்டடக்கலை விமர்சனம் எமது மொழியில் வளருமாயின் இவ்விரு கட்டடங்களையும் ஒப்பிட்டே தொடங்கலாம்.

இனி மேசையைச் சுற்றியிருந்தவர்களுக்கு வருவோம். அரசு நியமித்த அதிகாரியே தலைவர். உறுப்பினருள் ஒரு பகுதியினர் நியமனம் பெற்றோர். மறு பகுதியினர் தெரிவு செய்யப்பட்டோர். தெரிவு செய்யும் உரிமையோ ஆதனமும் வருமானமும் உடைய ஆடவருக்கே உரியது. நகரத்தின் குப்பையை அள்ளியவரும், அதன் சுமையைச் சுமந்தவரும், அதன் குடிசைகளில் கொள்ளைநோயால் இறந்தவரும் நகரத்தார் அல்லர் எனச் சட்டமே கூறிவிட்டது.

இதனைக் கூறும்போது எமது தமிழறிஞர் சிலர் உடனே உத்தரமேரூரைச் சுட்டுவர். ஐரோப்பியர் கற்பிக்குமுன்பே தமிழர் குடவோலை கண்டவர் என்பர். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரிய அக்கல்வெட்டுகள் மிக அரியன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை கூறுவதை முழுமையாகக் கற்றல் வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் எடுத்த வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் புலமை. இவை உடையவர் பெயரே குடத்தில் இடப்பட்டது. அது ஒரு பிரமதேயத்துச் சபை. நிலத்தை உழுதவர் பெயரை எழுத ஓலை இருந்திலது. உத்தரமேரூரையும் 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அருகருகே வைத்தால், ஆயிரமாண்டு இடைவெளியிலும் உடைமையே உரிமையின் அளவுகோலாக நின்றமை தெரிகிறது. பழம்பெருமை பேசுவோர் முதலாவதைப் புகழ்ந்து இரண்டாவதை இகழ்வர். மேனாட்டு மோகத்தினர் மாறிச் செய்வர். இரு சாராரும் ஒரே வினாவைத் தவிர்க்கின்றனர்.

சொற்களும் இவ்விடத்துச் சான்று பகர்கின்றன. சங்க இலக்கியத்தில் வரும் ‘மன்றம்’ பெரும்பாலும் மரநிழலில் அமைந்த திறந்தவெளி. ஊரார் கூடுமிடம், ஆடுமிடம், வழக்குரைக்குமிடம். ‘பொதியில்’ என்ற சொல்லும் பொதுமை என்ற கருத்தையே தாங்கி நிற்கிறது. ‘மண்டபம்’ வடமொழி வழி வந்தது. கோயிலோடும் அரண்மனையோடும் இணைந்து வளர்ந்தது. வாசலும் வரம்பும் உடையது. ஆங்கிலேயரின் நிறுவனத்துக்குத் தமிழிற் பெயரிட்டவர் ‘நகர மன்றம்’ என்னாது ‘நகர மண்டபம்’ என்றமை தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் பொருத்தம் மறுக்கத்தக்கதன்று. பழைய மன்றத்தை நாம் இலட்சியப்படுத்த விரும்பவில்லை. அங்கும் யார் அமரலாம் என்பதற்கு எழுதாத விதிகள் இருந்திருக்கும். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுக்கிறது. மீனவரும் கைவினைஞரும் வணிகரும் கடலோரத்தே. அரசும் உயர்குடியும் உள்ளே. இரண்டுக்கும் நடுவே மரச்சோலையில் நாளங்காடி. நகரத்தின் இரு பாதிகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் சந்தை என்பதை இளங்கோவடிகள் நன்கறிந்திருந்தார்.

புறக்கோட்டையும் அத்தகைய இடமே. பெயரே அதனைக் கூறும்: கோட்டைக்குப் புறத்தே உள்ளது. ஆங்கிலேயர் அதற்கு வழங்கிய பெயரோ எமது ‘பேட்டை’யின் திரிபு. நகர மண்டபத்தருகே ஒல்லாந்தர் காலத்து நகர வாயில் ஒன்றின் பெயர் இன்றும் நிலைக்கிறது. முதலையைக் குறிக்கும் ஒல்லாந்துச் சொல்லால் அமைந்த கைமன் வாயில். அங்குள்ள மணிக்கூண்டில் தொங்கும் மணி, கோட்டேயில் இருந்த போர்த்துக்கேயர் தேவாலயமொன்றிலிருந்து வந்தது என்பர். இம்மணியையும் வாயிலையும் பற்றிச் சுற்றுலாக் கைநூல்கள் விரிவாகவே எழுதியுள்ளன. நாம் வேறொரு நினைவுச் சின்னத்தின்மீது கவனஞ் செலுத்த விரும்புகிறோம். அது ஒரு சொல்.

புறக்கோட்டையில் மூட்டை சுமப்போரையும் கைவண்டி இழுப்போரையும் ‘நாட்டாமி’ என்றழைப்பர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே வழங்கும் சொல் இது. ‘நாட்டாண்மை’ என்பதன் திரிபாகவே இது தோன்றுகிறது. தமிழகத்துக் கிராமத்தில் நாட்டாண்மைக்காரர் ஊருக்குத் தலைவர், வழக்குத் தீர்ப்பவர், திண்ணையில் அமர்பவர். கடல் கடந்து கொழும்புக்கு வந்த அச்சொல், நூறு கிலோ அரிசி மூட்டையைத் தோளிற் சுமந்து, வழிவிடக் கேட்டுக் கூவிச் செல்லும் மனிதனின் பெயராயிற்று. ஆள்வதைக் குறித்த சொல் சுமப்பதைக் குறிக்க வந்த இந்நெடும் பயணத்தில், குடியேற்ற நாட்டுப் பொருளாதாரம் மனிதருக்குச் செய்தது முழுவதும் அடங்கியுள்ளது. மேல்மாடியிலே ஆளுவோர் உருவம். வாசலிலே ஆளும் பெயரைச் சுமந்தபடி கூலி. மொழியியலாளர் இச்சொல்லை ஆராய்வது, இன்னுமொரு உருவத்துக்கு வர்ணம் பூசுவதிலும் பயனுடையது.

கீழ்த்தளத்து இயந்திரங்களையும் இவ்வகையிலேயே நோக்க வேண்டும். அவற்றை இயக்கியவர் யார் என்ற குறிப்பு இல்லை. கொழும்பு மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளருட் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களின் வழித்தோன்றல்கள் நகரத்து நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளில் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தனர். இயந்திரம் காட்சிப்பொருளாகும்போது உழைப்பு மறைந்துவிடுகிறது. பண்டத்தின் பின்னே மனித உறவு மறைவதைப் பற்றி மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் எழுதியதை விளக்குவதற்கு மாணவரை இங்கு அழைத்து வரலாம். விரிவுரையிலும் விரைவில் விளங்கும்.

சந்தைவெளியின் நினைவுகள் யாவும் இனியனவல்ல. 1915 கலவரத்தின்போது இவ்வீதிகளில் முஸ்லிம்களின் கடைகள் உடைக்கப்பட்டன. 1983 யூலையில் தமிழரின் கடைகள் எரிந்தன. 1987 ஏப்ரல் 21 ஆம் நாள் மத்திய பஸ் நிலையத்தில் வெடித்த குண்டு நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. வேலை முடிந்து வீடு திரும்பக் காத்திருந்த சாதாரண மக்கள் அவர்கள். மூன்று காலத்திலும் மூன்று சமூகத்தவர் ஒரே சந்தையில் அழிக்கப்பட்டனர். 1980 களிற் புதுப்பிக்கப்பட்ட மண்டபத்தின் காட்சியில் இவற்றின் சுவடு இல்லை. 1906 ஆம் ஆண்டின் சபை, 1915 ஐயும் 1983 ஐயும் அறியாத வசதியோடு அமர்ந்திருக்கிறது.

சபையும் நெடுங்காலம் சந்தையில் நிற்கவில்லை. 1924 இல் அடிக்கல் நடப்பட்ட புதிய நகர மண்டபம் 1928 இல் முடிவுற்றது. வெண்ணிறத் தூண்களும் குவிமாடமும் கொண்ட அக்கட்டடம் கறுவாத்தோட்டத்தருகே, அன்று விக்டோரியா பூங்கா எனப்பட்ட விகாரமகாதேவிப் பூங்காவை நோக்கி நிற்கிறது. வணிகரின் பணத்தால் வளர்ந்த நிறுவனம், வணிகரின் இரைச்சலைவிட்டு மாளிகைகளின் அயலைத் தேடிச் சென்றது. அந்த ஆண்டுகளையே கொழும்புத் தொழிலாளரின் எழுச்சிக் காலமாகவும் நாம் அறிவோம்: 1923 இன் பொது வேலைநிறுத்தம், 1927 இன் துறைமுக வேலைநிறுத்தம், 1929 இன் டிராம் வண்டி வேலைநிறுத்தம். சபை சந்தையை விட்டகன்ற வேளையில் சந்தை அரசியலுக்குள் நுழைந்தது.

ஆயினும் இவ்வெழுச்சியைப் புகழ்ந்து அமைவது மார்க்சியரின் பணியன்று. அப்போராட்டங்களுக்குத் தலைமை தாங்கிய ஏ. ஈ. குணசிங்க, பொருளாதார நெருக்கடி முற்றிய 1930 களில் மலையாளத் தொழிலாளருக்கெதிரான பிரசாரத்தில் இறங்கினார். தோளோடு தோள் நின்றவனை அந்நியன் எனக் காட்டிக் கொடுத்த அத்திருப்பம், இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் மிகத் துயரமான ஒன்று. 1937 இல் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயரானார். 1954 இல் லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா அப்பதவியை ஏற்றார். சமசமாஜத் தலைவர் மேயரானது சிறிய காரியமன்று. எனினும் செங்கொடி ஏறிய மண்டபமும் சோலை வரிப் பொறியின் மேலேயே நின்றது. 1964 இல் அக்கட்சி கூட்டரசாங்கத்தில் இணைந்து சமரசம் கண்டதை இதன் தொடர்ச்சியாகக் கொள்ளல் தகும் என்பது எமது கருத்து, மறுப்போர் உளர்.

கொழும்பைப் பற்றி இத்துணை கூறியது கொழும்புக்காக மட்டுமன்று. கரைவாகுப் பற்றில் இன்று நடப்பதை விளங்குவதற்கு இவ்வொப்பீடு இன்றியமையாதது. 1987 க்கு முன் ஒரு பட்டின சபையும் மூன்று கிராம சபைகளுமாக இருந்த எமது பகுதி, பின்னர் ஒரே சபையாகி, மாநகர சபையென உயர்வும் பெற்றது. அதன் பின் வந்த வழக்குகளை யாவரும் அறிவர். வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 யூனில் கல்முனையில் உண்ணாவிரதம். அதற்கு எதிராக மறுதரப்பினரின் போராட்டம். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனிச் சபையென வர்த்தமானி வெளிவந்து, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. நற்பிட்டிமுனையோ தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வளவுகளில் வாழும் ஊர். எல்லைக்கோட்டை எங்கு வரைந்தாலும் அது எவரேனும் ஒருவரது கிணற்றடியால் செல்லும்.

இக்கோரிக்கைகளின் பின்னே நியாயமான அச்சங்கள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. போர்க்காலத்தில் இரு சமூகத்தவரும் இழந்தவை பல. ஆனால் இதுகாறும் நடந்த விவாதம் முழுவதும் மண்டபத்தின் சுவர் எவ்விடத்தில் எழ வேண்டும் என்பது பற்றியதே. உள்ளே மேசையைச் சுற்றி யார் அமர்கின்றனர் என்று கேட்டவர் மிகச் சிலர். கீழைக் கரையின் பழைய நிறுவனங்களை நோக்கின் இதன் காரணம் ஓரளவு புலப்படும். கோயிலுக்கு வண்ணக்கர், பள்ளிவாசலுக்கு மரைக்காயர் எனக் குடிவழியாக ஆள் தெரியும் மரபு தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் ஒன்று போலவே வழங்கியது. தாய்வழியாக வரும் குடிமுறை இரு சமூகத்துக்கும் பொதுவானது; மக்கோன் வயலில் காவலிருந்த முல்லைக்காரனுக்கும் காணிச் சொந்தக்காரரான போடியாருக்கும் இடையேயிருந்த தூரமும் பொதுவானதே. போடியார் மரபு தேய்ந்து, சட்டத்தரணியும் ஒப்பந்தக்காரரும் வணிகரும் அவ்விடத்தை நிரப்பினர். ஆள் மாறினாலும், ஊருக்காகப் பேசும் உரிமை உடைமைக்கே உரியதென்ற எண்ணம் மாறவில்லை. குடிகளையும் கோயிலையும் பள்ளியையும் ஆராய்ந்த மானிடவியலாளர் பலர். எமது உள்ளூராட்சிச் சபைகளை அவ்வாறு ஆராய்ந்த தமிழ் நூலொன்றை நாம் இன்னும் எதிர்பார்த்திருக்கிறோம்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கியபோது சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் முதலிற் போனவை கரையோரத்து ஏழைகளின் வீடுகள். அதன் பின் கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை கட்டடம் எழுப்பலாகாது என்ற விதி வந்தது, பின்னர் தளர்த்தப்பட்டது. கரைவலை இழுப்பவனுக்கு 200 மீற்றர் என்பது எத்துணைத் தூரம் என்பதை அவ்விதியை எழுதியவர் அறிந்திருக்கவில்லை. வண்டிக்காரனை நடக்கச் சொன்ன 1906 ஆம் ஆண்டின் விதியும் இதுவும் ஒரே வகையின. தொழிலைச் செய்யாதவர் தொழிலுக்கு எழுதிய விதிகள். இதில் தமிழன், முஸ்லிம் என்ற வேறுபாடு இருந்திலது. பாண்டிருப்புத் தமிழ் மீனவனும் மருதமுனை முஸ்லிம் மீனவனும் ஒரே அலையில் இழந்து, ஒரே விதியால் தடுக்கப்பட்டனர். இருவரையும் ஒரு மேசையில் அமர்த்தக்கூடிய சபை பற்றியன்றி, இருவரையும் பிரிக்கக்கூடிய சபைகள் பற்றியே இருபதாண்டுகள் பேசியிருக்கிறோம்.

மருதமுனைத் தறியில் நெய்த சாரம் கல்முனைச் சந்தை வழியாகப் புறக்கோட்டை மொத்தக் கடைக்குச் செல்கிறது. அம்மூட்டையை பஸ் கூரையிலிருந்து இறக்குபவன் நாட்டாமி. இப்பாதையின் இரு முனையிலும் இரண்டு மாநகர சபைகள் உள்ளன. பாதையில் உழைப்பவரின் சொற்களும் பாட்டுகளும் தொழில் வழக்குகளும் இன்னும் தொகுக்கப்படவில்லை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் களப்பயணத்தில் ஒன்றைப் புறக்கோட்டைக்கு ஒதுக்கலாம். மாணவர் மேல்மாடியையும் பார்க்கட்டும். பின்னர் குறிப்பேட்டுடன் நான்காம் குறுக்குத் தெருவில் காலை நாலு மணிக்கு நிற்கட்டும். லொறிகள் இறங்கும் வேளை அது.